கம்பி அறுந்த பிறகும் நிற்காத கிதார்

அன்புள்ள மகன் ஜெரிக்குக்கு நம் ஊர் கார்காரிலிருந்து அம்மா எழுதுவது. உடம்பளவில் நாங்கள் இங்கே சௌக்கியம், நீயும் அந்த மக்காவ் நகரத்தில் வேளைக்குச் சாப்பிட்டு, ஓட்டலில் வாசிப்பு முடிந்ததும் நேரே அறைக்குப் போய்த் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்பும் பக்கத்து வீட்டு லிஸா கையில் இந்தக் கடிதம். கூடவே உனக்குப் பிடித்த பன்றித்தோல் வறுவல், சிச்சரோன் பொட்டலமும் இருக்கிறது, கோபம் வேறு சாப்பாடு வேறு.

திருவிழாவில் நடந்தது வீடியோவாக உனக்கு வந்திருக்கும், ஆனாலும் என் கண்ணால் பார்த்ததை நீ கேட்டே ஆக வேண்டும். போன கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய, கிதார் வயரைச் சொருகுகிற சின்னப் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு, இரண்டு காதிலும் பாட்டு கேட்கிற கருவியைச் சொருகிக்கொண்டு உன் அப்பா மேடையில் நின்றார். முன்னெல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால் ஸ்பீக்கர் பெட்டி உறுமும், தெரு நாய்கள் ஓடும். இப்போது மேடையில் சத்தமே இல்லை, எல்லாம் வயர் வழியாக இசைக்குழு நடத்துகிற நோனோயின் கம்ப்யூட்டருக்குப் போய், அங்கிருந்துதான் ஜனங்களுக்கு. அப்பா காதில் அவருடைய கிதாரும் தாளமும் பாடகியின் குரலும் மட்டும்தான் விழும். பாட்டு நடுவில் அவர் தனியாக வாசிக்கிற இடம் வந்தது, கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார், படாரென்று கம்பி அறுந்தது. கையை எடுத்துவிட்டு, மன்னிக்கணும் என்பது போல ஜனங்களைப் பார்த்துத் தலையாட்டினார். கிதார் நிற்கவில்லை ஜெரிக். இரண்டு கையும் சும்மா தொங்குகிறது, ஸ்பீக்கரில் கிதார் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கிறது. ஜனங்கள் கைதட்டிச் சிரித்தார்கள். தன்னைத் தேற்றத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்து அந்த மனுஷன் குனிந்து வணக்கம் வேறு வைத்தார். அப்புறம்தான் சந்தேகம் வந்து ஒரு காதுக் கருவியைப் பிடுங்கினார்.

அது யார் வாசிப்பு என்று எனக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. கம்பியைத் தள்ளி இழுத்து, விட மனசில்லாமல் கொஞ்சம் தாமதமாக விடுவது உன்னைத் தவிர யார். அப்பாவுக்கும் தெரிந்துவிட்டது, பாட்டு முடிகிறவரை அசையாமல் நின்றார். கூட்டம் கலைந்ததும் நான் நோனோயின் சட்டையைப் பிடித்துவிட்டேன். "அக்கா, என்னை ஏன் பிடிக்கிறீங்க, அண்ணனுக்கு விரல் மடங்கவே மாட்டேங்குது, எல்லாப் பாட்டும் சொதப்புது, ஆளை மாத்தப் போறேன்னு சொன்னேன், உங்க பையன்தான் மாத்தாதே, நான் வாசிச்சு அனுப்புறேன், அப்பா சத்தத்தை அடைச்சுட்டு இதைப் போடு, அவருக்குத் தெரிய வேணாம்னான்" என்கிறான். அந்தப் பெட்டியையும் இதற்காகத்தான் அனுப்பினாயா. அதைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி கூத்தாடினாரே. பெற்ற அப்பாவை ஊர் நடுவில் பொம்மையாக நிற்க வைக்க எப்படியடா மனசு வந்தது. நல்லதுக்குத்தான் செய்தாய், தெரியும், அதனால்தான் இன்னும் அதிகமாக எரிகிறது.

மறுநாள் லிஸாவின் அப்பா பாசியோ வந்து, "என்ன கூட்டாளி, இனிமே நீ வீட்ல படுத்துக்க, கிதாரை மட்டும் அனுப்பு, அதுவே வாசிச்சுட்டு வந்துரும்" என்று கிண்டல் செய்தான். அப்பா கொஞ்சமும் கூச்சப்படாமல், "வாசிச்சது என் மகன்யா, நல்லா வாசிச்சான்ல" என்றார். உள்ளே வந்து சட்டைப் பொத்தானைக் கழற்றப் பார்த்தார், முடியவில்லை, நான்தான் கழற்றினேன். விரலெல்லாம் இஞ்சி மாதிரி முட்டு முட்டாக வீங்கிக் கிடக்கிறது. நோனோய்க்குத் தெரியும், அவ்வளவு தூரத்தில் இருக்கிற உனக்குத் தெரியும், ஒரே கட்டிலில் படுக்கிற எனக்கு யாரும் சொல்லவில்லை. உன்னைத் திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. "உங்க கை போச்சுப்பான்னு அவன் என்கிட்டயே சொல்லியிருக்கலாம் தெல்மா" என்றார், அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வருகிற சனிக்கிழமை ஒரு கல்யாணத்தில் வாசிப்பு இருக்கிறது. போகாதீங்க என்றேன், கேட்கவில்லை. நோனோயைக் கூப்பிட்டு, "அவனோடதை அடைச்சுடு, என்னோடதைத் திற, தப்பு வந்தா என் தப்பாவே கேக்கட்டும், அதுக்கப்புறம் நீ ஆளை மாத்திக்க" என்று சொல்லிவிட்டார். தினமும் வெந்நீரில் கையை ஊறவைத்துவிட்டு உட்கார்ந்து பழகுகிறார்.

மாதா உன்கூட நின்று காக்கட்டும், உன் கைக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் வர வேண்டாம். சனிக்கிழமைக்கு முன்னால் அப்பாவைக் கூப்பிடு, முதல் தடவை எடுக்க மாட்டார், விடாதே. புதுசாக எதையும் வாங்கி அனுப்புகிறேன் என்று மட்டும் பேசாதே. கல்யாணத்தன்று மேடை ஓரமாக நின்று உனக்குப் போன் போட்டுப் பிடித்துக்கொண்டிருப்பேன். எவ்வளவு தப்பு வந்தாலும் கடைசிவரை கேள்.

உன் அம்மா,
தெல்மா