அப்பாவின் ஆப்பில் சிரித்த முகம்

ராயபுரம், மார்ச் 12. இன்று காலை அப்பா மீன்பிடித் துறைமுகச் சுவரில் செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தார். ஆண்ட்ரூ மாமாதான் கூட்டிவந்தார்.

அம்மா, டாக்டர் தந்த, மனநிலையைக் கேட்கும் அந்த ஆப்பில் அப்பா தொட வேண்டிய படத்தை நீயே தினமும் தொட்டிருக்கிறாய், அதுவும் சிரித்த முகத்தை! கேட்டால், "தவக்காலத்துல அழுமூஞ்சிய அமுக்கினா நல்லாவா கீது?" என்று போனில் என்னையே திட்டுகிறாய். அந்தச் சிரித்த முகங்களைப் பார்த்துத்தான் டாக்டர் அப்பாவின் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். அப்பா தூங்காமல் உலாத்துவது உனக்குத் தெரியும். டாக்டருக்கு எப்படித் தெரியும்? உன் தவத்துக்கு அப்பாவின் தூக்கமா கிடைத்தது?

கஞ்சி குக்கரில் இருக்கிறது. நீயும் சாப்பிடு. நீ மாதா கோவிலிலிருந்து வரும்வரை மாமா இருப்பார்.

- ஜானட்

இன்னொன்று: டாக்டரிடம் வீடியோ காலில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பழைய அளவே கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். அப்பா தூங்குகிறார்.