கடல் இல்லாத நாட்டுக்கு மகனை அனுப்பியவளுக்கு

“டீச்சரே, அந்த நாட்டுல கடல் உண்டா?”

நீ என்னிடம் கேட்ட கேள்வி. இன்று காலை, உன் மகன் அங்கிருந்து கொண்டுவந்த ஷியா மரக்கொட்டை வெண்ணெயை வெடித்த குதிகாலில் தேய்த்தபோது, அதன் லேசான புகை வாசனையோடு உன் குரலும் வந்தது.

பொழியூரில் கடலுக்குப் போன உன் வீட்டுக்காரர் திரும்பவில்லை. பிறகுதான் மகனோடு பாறசாலையில் என் பக்கத்து வீட்டுக்கு வந்தாய். அண்டி ஆபீசில் முந்திரி உடைத்து அவனை வளர்த்தாய். முந்திரி வாங்கும் கம்பெனி ஒன்று அவனுக்கு புர்க்கினா ஃபாசோவில் வேலை தந்தபோது, போகக்கூடாது என்று நின்றாய்.

அட்லஸை விரித்தேன். கடல் கிடையாது, சுற்றிலும் ஆறு நாடுகள். கடற்கரை இல்லாத பெருங்கடவிளைக்காரர் பூவார் கடலைப் பார்க்க அடுத்த ஊர்களைத் தாண்டுவதுபோல, அந்த நாட்டார் அடுத்த நாட்டைத் தாண்ட வேண்டும் என்றேன்.

“அப்போ நல்ல நாடாக்கும்” என்றாய்.

மற்றதையும் சொன்னேன். செம்மண். மாதக்கணக்கில் மழை இல்லாத புழுதிக்காற்று. களியும் வெண்டைக்காய்க் குழம்பும். நாம் வீட்டில் தமிழும் பஸ்ஸில் மலையாளமும் பேசுகிறோமே, அப்படி அங்கே வீட்டுக்கு ஒரு மொழி, சந்தைக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு பிரெஞ்சு. வடக்கே ஆயுதக் குழுக்களால் சாவு நடப்பதையும் மறைக்கவில்லை. அவன் போவது முந்திரி விளையும் தென்மேற்கு. நாட்டின் பெயருக்கு நேர்மையானவர்களின் மண் என்று பொருள் என்றதும் சிரித்தாய்.

“வாங்குன புளியத் திருப்பித் தராத டீச்சருக்கு அங்க எடமில்ல.”

அவன் போன கொஞ்ச நாளில் ஓடிவந்தாய். “கூட வேலை செய்யுதவன் என் பிள்ளைய மீன்தின்னீண்ணும் வேலைக்காரம்ணும் சொல்லுதானாம். இவனும் கேட்டுச் சிரிக்கான், டீச்சரே!”

மச்சானை மச்சான் கேலி செய்வதுபோல, அங்கே ஒரு இனத்தார் இன்னோர் இனத்தாரைக் கேலி செய்ய முறை உண்டு, கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பையன் உன் மகனையும் அந்த முறைக்குள் சேர்த்துக்கொண்டான் என்றேன். அந்தப் பையனின் இனத்தாரை நிலக்கடலைப் பிரியர்கள் என்று மற்றவர்கள் சீண்டுவதையும் சொல்லிவைத்தேன். அடுத்த போனிலேயே, மகன் மொழிபெயர்க்க, அவனிடம் ஆரம்பித்துவிட்டாய்: “எலே கடலைதின்னி! நீதான் எனக்க மகனுக்கு வேலைக்காரன்!” அன்றுதான் உனக்குப் பயம் போனது. வேற்று மண்ணில் உன் பிள்ளைக்கு ஒரு மச்சான் கிடைத்துவிட்டான்.

நீ இறந்த சேதி கேட்டு மகன் வந்து சேர்ந்தான். அழவில்லை, கொடுத்த கஞ்சியையும் தொடவில்லை. ஜெபம் முடிந்த நேரத்தில் அந்தப் பையனிடமிருந்து போன் வந்தது. எதிர்முனையில் சொன்னதை அவனே எல்லாருக்கும் சொன்னான்.

“அம்மை சாகல்லியாம். கடலைதின்னிக்குக் கருவாடு குடுக்கணுமேண்ணு ஒளிஞ்சு கெடக்காளாம்.”

“சாவு வீட்டுல பேசுத பேச்சாலே இது?” என்று உன் அண்ணன் எழுந்தார்.

அவர் கையைப் பிடித்து உட்காரவைத்துச் சொன்னேன். அங்கே துக்க வீட்டில் கேலி செய்வது அந்த முறைக்காரரின் கடமை. இருப்பவர்கள் மூச்சுவிட வேண்டுமே என்பதற்காக. சொல்லி முடிப்பதற்குள் உன் மகன் சிரித்தான். சிரிப்பு அப்படியே அழுகையானது. அதற்குப் பிறகுதான் ஒரு வாய் கஞ்சி குடித்தான்.

உன் புளி இன்னும் என் அடுக்களையில்தான் இருக்கிறது. யாராவது கேட்டால், எனக்கு எந்த நாட்டில் இடமில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று: அடுத்த முறை துக்க வீட்டுக்குப் போகும்போது, போனவர் உங்களைச் செய்த கேலி ஒன்றை அந்த வீட்டாரிடம் சொல்லுங்கள்.