துரையின் பறவைகளும் நான் வாசிக்காத பக்கங்களும்

மச்சான்,

நீ போய்ச் சேர்ந்த முப்பத்தோராம் நாள் பூசைக்குப் போடவென்று அலுமாரியில் இருந்து கறுப்புக் கோட்டை இழுத்தேன். பூச்சியுருண்டை மணத்தோடு உன் துரையும் என் காலில் விழுந்தார். போன கோடையில் நீ எழுதி முடித்து வாசிக்கத் தந்த அவருடைய சரித்திரம், ஒரு தாள்கட்டு. சுற்றிக் கட்டிய நூல் கட்டியபடியே கிடந்தது.

விக்டோரியா ராணி காலத்தில், மன்னார் அரசாங்கக் கச்சேரியில் பெயருக்கு உத்தியோகம் பார்த்துக்கொண்டு பறவைகளுக்குப் பின்னால் திரிந்த வெள்ளைக்காரர். படித்த விஞ்ஞானி இல்லை, ஆசைக்கு ஆராய்ந்தவர். சுடுவார், அளப்பார், வரைவார், கடைசியில் கறியாக்கித் தின்று ருசியையும் குறித்து வைப்பார். “பூநாரை: சேற்று ருசி.” உன் ஊர்க்காரன் என்று நீ அவரைக் கொண்டாடியதை உன் மனுசியே பொறாமையோடுதான் பார்த்தா.

நாம் குடியேறிய இந்தப் பனிநாட்டில், ரொக்ஸ்பரோ ஆற்றங்கரையில், மூக்குச்சளி உறையும் குளிரில், என்னையும் நிறுத்தி வாத்து எண்ணினாய்.

“துரை சுட்டுப்போட்டு அளந்தவர். நான் இரக்கமுள்ளவன், பாக்கிறதோட சரி.”

“அப்ப நேற்று என்ர வீட்டில முடிச்ச கோழி?”

“அது அளக்காத பறவையடா. ஆராய்ச்சியில சேராது.”

லவாலில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் உனக்கு மருந்தைப் பற்றிக் கவலையில்லை.

“ஒருத்தரும் வாசிக்கேல்லை மச்சான். துரை உயிரோட நிக்கிறாரோ எண்டு நீயாவது சொல்லு.”

“முழுக்க வாசிச்சிட்டன். துரை பறக்கிறார்!” என்றேன், கொஞ்சமும் கூசாமல்.

“எந்த இடம் பிடிச்சது?”

“அந்த... கொக்கு வாற இடம்.”

நீ இருமி இருமிச் சிரித்தாய். நேர்ஸ் ஓடி வந்தா. உன்னைச் சந்தோசப்படுத்திவிட்டேன் என்று மெத்ரோ ரயிலில் என்னையே மெச்சிக்கொண்டு வீடு வந்தேன்.

பூசை முடிந்து வந்த கையோடு நூலை அவிழ்த்தேன். பத்தொன்பதாம் பக்கம். துரை முழங்கால் சேற்றில் துவக்கோடு நிற்கிறார். அதற்குக் கீழே, உன் எழுத்தில்:

“டேய், இதுவரைக்கும் வந்திட்டியெண்டால் உடன எனக்கொரு ரெலிபோன் கோல் எடு. மட்டன் ரோல்ஸ் வாங்கித் தாறன். எடுக்காட்டி நீ வாசிக்கேல்லை.”

ஆக, உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறாய், தெரிந்துகொண்டே சிரித்திருக்கிறாய்.

சரி, நீ கேட்டதற்கு இப்போது உண்மையான பதில்: ஓம் மச்சான், நிக்கிறார். பூநாரை திரும்பிப் பார்க்க, சுட மனமில்லாமல் நிக்கிறார். கடைசி அத்தியாயத்தில் அவர் செத்துப்போவார் என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஆகவே நாளுக்கு ஒரு பக்கத்துக்கு மேல் வாசிக்கமாட்டேன்.

இந்த முறை சோம்பலால் இல்லை.