இறக்கையில் நான் வெட்டிய நூல்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்,
12-8-1969.

சௌபாக்கியவதி மகள் அம்சவேணிக்கு அப்பா ஆதிகேசவன் ஆசி கூறி எழுதுவது. காமாட்சியம்மன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் உடம்பால் சுகம், நீயும் மாப்பிள்ளை இளங்கோவனும் குழந்தையும் எல்லா வகையிலும் சுகமாக இருக்க வேண்டும். உடம்பால் என்று மட்டும் ஏன் எழுதினேன் என்பது போகப் போகத் தெரியும். அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் தணிந்திருக்கிறது, நீ சொன்ன எண்ணெயைத் தடவுகிறாள், ஆனால் வீட்டுக்குள் நடமாட்டத்தைக் குறைக்கச் சொன்னால் கேட்பதில்லை. இரண்டு நாளாகத் தூறல் விட்டு விட்டு விழுவதால் தெருவில் தறிக்குப் பாவு நூல் நீட்ட முடியவில்லை, அதனால்தான் பட்டப்பகலில் உட்கார்ந்து உனக்கு எழுத வாய்த்தது. வாய்த்தது என்ன, இனியும் தள்ளிப்போட முடியாமல் எழுதுகிறேன்.

போன வருஷம் நீ பெங்களூர் விமானப் பட்டறையில் இறக்கைக்குத் துணி தைக்கும் வேலையில் சேர்ந்ததாக எழுதியபோது நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை பதில் எழுதவில்லை. உனக்கு அது வருத்தமாக இருந்திருக்கும். இங்கே கேட்டவர்களிடமெல்லாம் மாப்பிள்ளை ஜெட் விமானத்துக்குத் தகடு பொருத்துகிறார், பெண் வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றே சொல்லி வந்தேன், உன் அத்தை பட்டம்மாளிடம்கூட அப்படித்தான். பட்டு நெய்கிறவன் மகள் கூலிக்குப் பருத்தித் துணி தைக்கிறாளா என்று கேட்பார்களே என்ற வெட்கம். அதோடு, துணியில் விமானமாவது என்ற நம்பிக்கையின்மையும் சேர்ந்துகொண்டது. நீ பொறுமையாக விளக்கி எழுதினாய். மாப்பிள்ளை செய்யும் ஜெட் போகிற வேகத்துக்குத் துணி நிற்காது, காற்றே கிழித்து எறிந்துவிடும், அதனால் அதற்கு அலுமினியத் தகடும் ஒல்லி இறக்கையும், இறங்க மைல் கணக்கில் சிமெண்டுப் பாதையும் வேண்டும், ஜனங்களை ஏற்றிப் போகும் விமானத்துக்குப் பெருத்த வயிறு வேண்டும், ஆனால் வயலுக்கு மருந்தடிக்கும் எங்கள் விமானம் பயிரை ஒட்டித் தாழ்வாக, மெதுவாகப் பறக்க வேண்டும், எஞ்சினும் சின்னது, தன் எடை குறைந்தால் அந்த அளவுக்கு மருந்தைக் கூட்டி ஏற்றலாம், அதனால் இரும்புக் குழாய்ச் சட்டத்தில் துணி போர்த்தி மேலே வார்னிஷ் போல ஒன்றைப் பூசி விறைப்பாக்குகிறோம் என்றாய். நாற்று நடப் போகிறவள் முகூர்த்தப் புடவையா கட்டிக்கொண்டு போவாள் அப்பா என்று கேலியும் செய்திருந்தாய். நான் அதைப் பாதி படித்துவிட்டு மடித்து வைத்தேன்.

போன வாரம் அத்தையைப் பார்க்க முசரவாக்கம் போயிருந்தேன். அந்தப் பக்கம் வேர்க்கடலையில் கம்பளிப்புழு விழுந்து இலையே இல்லாமல் அரித்துக்கொண்டிருந்தது, மருந்தடிக்க விமானம் வந்து வற்றின ஏரிக்குள் இறங்கியிருந்தது. ஓட்டுகிறவரும் மெக்கானிக் சீனிவாசனும் மணியக்காரர் வீட்டில் சாப்பிடப் போயிருந்த நேரம், அத்தை நிலத்தில் வேலை செய்யும் முனிசாமி கழியோடு காவல் நின்றான். நான் போய் இறக்கையை விரலால் தட்டிப் பார்த்தேன். துணிதான் அம்மா. நீ எழுதியது அத்தனையும் கண்ணெதிரே நின்றது. அப்போதாவது என் புத்தி அடங்கியிருக்க வேண்டும். இறக்கையின் குறுக்கே வரிசை வரிசையாகத் துணிப் பட்டை ஒட்டியிருந்தார்கள். நம் தொழிலில் மேலே ஒரு துண்டை ஒட்டினால் கீழே ஏதோ கோளாறை மறைக்கிறார்கள் என்றுதான் பொருள், அதனால் பட்டையின் ஓரத்தை நகத்தால் நெம்பி ஒரு முழம் உரித்தேன். உள்ளே தையல், தையலுக்குத் தையல் ஒரு முடிச்சு, முடிச்சு ஒவ்வொன்றிலும் விரற்கடை நூல் நீட்டிக்கொண்டிருந்தது. நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கண்டால் நெய்கிறவன் கை சும்மா இருக்குமா. மடியிலிருந்த சிறு கத்தியை எடுத்து நாலைந்து முடிச்சில் நூலை ஒட்ட நறுக்கிவிட்டேன். முனிசாமி, "வாணாம் ஐயா, அவங்க பாத்தா வுட மாட்டாங்க" என்று கெஞ்சினான். நான் பார்க்காத துணியாடா என்று அவன் வாயை அடைத்தேன். பிறகு பட்டையை எச்சில் தொட்டு அழுத்தி விட்டேன், எச்சிலுக்கு அது ஒட்டுமா.

அவர்கள் சாப்பிட்டு வந்தபின் விமானம் மேலேறி இரண்டு சுற்று வருவதற்குள் அந்தப் பட்டை பிய்ந்து படபடவென்று அடித்தது, பக்கத்துத் துணி பூரி மாதிரி உப்பிக்கொண்டது. ஓட்டுகிறவர் எப்படியோ இறக்கிவிட்டார். சின்ன வயசுக்காரர், இறங்கியதும் தரையில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்தார். சீனிவாசன் பார்த்துவிட்டு, "முடிச்சுல வால் வுடாம நறுக்கிக்கீறாங்க, காத்து இழுத்ததும் அவுந்துடுச்சு, இன்னும் ரெண்டு சுத்து போயிருந்தா துணி மொத்தமா உரிஞ்சிருக்கும், ஆளே மிஞ்சியிருக்க மாட்டாரு" என்றார். யாராவது தொட்டார்களா என்று முனிசாமியைக் கேட்டார். அவன் என்னை ஒரு தரம் பார்த்தான். "ஒரு ஆட்டக்கூட கிட்ட வுடலீங்க சார்" என்றான். அப்படியென்றால் தைத்த கைதான் கோளாறு, போன மாதம்தான் பெங்களூர்ப் பட்டறையில் புதுத் துணி போர்த்தி வந்தது, தைத்தது யார் என்று பார்த்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லி எழுதுகிறேன் என்று இறக்கை நம்பரைக் குறித்துக்கொண்டார். அத்தை என் பக்கத்தில்தான் நின்றாள். "நல்லவேளண்ணா, நம்ம அம்சா இந்த மாதிரி வேலைக்கெல்லாம் போவல" என்றாள். நான் தலையாட்டினேன் அம்மா.

தகடாக இருந்திருந்தால் லாரியில் ஏற்றி அனுப்பியிருக்க வேண்டும், துணியானதால் சீனிவாசன் புளியமரத்தடியிலேயே நீள ஊசியால் தைத்துப் பூசி உலர வைத்து மறுநாள் பறக்கவிட்டார். ஒவ்வொரு முடிச்சிலும் விரற்கடை நூல் விட்டார். நான் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். நான்கு நாள் தறியில் உட்கார்ந்தும் கை ஓடவில்லை. நேற்று மறுபடி போய் முனிசாமியிடம், எனக்காக ஏனடா பொய் சொன்னாய் என்று கேட்டேன், என் மேல் உள்ள மரியாதை என்று சொல்வான் என எதிர்பார்த்தேன். "உங்கள காட்டிக் குடுத்தா அந்த நெலத்துல எனக்கு இனிமே வேல ஏது ஐயா" என்றான். அங்கிருந்து நேரே அத்தை வீட்டுக்கு நடந்தேன். அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன், உன் வேலையையும் சொன்னேன். அவள் என்னை ஏசவில்லை, ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்று காலை தபாலாபீஸ் வாசலில் மனு எழுதும் பஞ்சாட்சரத்திடம் நடந்ததை ஒன்று விடாமல் சொல்லி, பட்டறை மேனேஜருக்கு இங்கிலீஷில் எழுதச் செய்து ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டேன். நகல் இதனுள் இருக்கிறது. அந்த இறக்கையை நீயே தைத்திருக்கலாம், உன்னோடு வேலை செய்யும் வேறு பெண்ணும் தைத்திருக்கலாம், யாராக இருந்தாலும் பழுது அவள் கையில் இல்லை. நகலை உன் மேஸ்திரியிடம் உடனே கொடு, அப்பாவின் மானம் போகுமே என்று பெட்டியில் வைத்து விடாதே. மாப்பிள்ளையிடமும் படித்துக் காட்டு.

குழந்தைக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள், பெங்களூர்க் குளிர் நமக்குப் புதிது. அம்மா வற்றல் அனுப்புவாள். உங்கள் மூவருக்கும் எங்கள் ஆசீர்வாதம், தீர்க்க சுமங்கலியாக இரு. தவறாமல் ஒன்று செய், இந்தக் கடிதம் வந்து சேருவதற்கு முன்பே யாரையாவது வேலையிலிருந்து நிறுத்தியிருந்தால் உடனே தந்தி கொடு. நான் வந்து எல்லோர் முன்னும் நின்று சொல்கிறேன். அங்கே யாராவது இந்த ஆள் யார் என்று உன்னைக் கேட்டால், அப்பா என்று சொல்ல உனக்கு வாய் வராவிட்டால் சொல்ல வேண்டாம். ஒரு வருஷம் உன் வேலையை நானும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லையே.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஆதிகேசவன்.