திரும்பி வரும் வழியில் சொல்கிற விஷயம்

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா எழுதுவது.

போன வாரம் போனில் கேட்ட குரலை நம்பி, நீ நன்றாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நாங்களும் அப்படியே என்பதுதான் அடுத்த வரியாக வரவேண்டும். இந்த முறை அதற்குக் கை வரவில்லை, விட்டுவிட்டு மேலே போகிறேன். பயந்துபோய்க் கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே, எல்லாரும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம். பள்ளி நூலகத்தில் மதிய இடைவேளையில், திரும்பி வந்த புத்தகங்களை அடுக்காமல் ஒதுக்கி வைத்துவிட்டு எழுதுகிறேன். எங்கள் ஓவிய ஆசிரியையின் மகள் புதன்கிழமை உன் ஊருக்குக் கிளம்புகிறாள், அவள் கையில் கொடுத்தால் வெள்ளிக்குள் உனக்குக் கிடைத்துவிடும். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். வீட்டில் நான் போனை எடுத்தால் அப்பா பக்கத்து நாற்காலிக்கு வந்துவிடுகிறார். இங்கிருந்து பேசலாம்தான், ஆனால் நீ "சொல்லும்மா" என்று சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிடும். நேற்றும் அதுதான் நடந்தது, சளி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

போன வாரம் நீ, மலைமேல் பழத்தோட்டத்துக்குப் போனீர்களா, பிளம்ஸ் வந்துவிட்டதா என்று கேட்டாய். போனோம், நன்றாக இருந்தது என்றேன். போனது உண்மை. நன்றாக இருந்தது என்பதுதான் பொய். உனக்கு அந்த ஊர் என்றால் பழம், கால் சறுக்கும் ஏணி, பெட்ரோல் பங்க்கில் கட்டைத்துண்டோடு சேர்த்துக் கட்டிவைத்த கழிப்பறைச் சாவி, சட்டையெல்லாம் சாறு. திரும்பி வரும்போது முதல் வளைவிலேயே நீயும் சின்னவளும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிவிடுவீர்கள். அதனால் அந்த வழியில் நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது. எங்கள் இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் உன் அப்பா எனக்குச் சொன்ன கெட்ட செய்தி ஒவ்வொன்றையும் அந்தச் சாலையில் வைத்துத்தான் சொன்னார். உனக்கு ஆறு வயதில், அவர் டிரைவராக இருந்த பஸ் கம்பெனியை மூடிவிட்டார்கள் என்பதை அங்கேதான் சொன்னார். அன்றைக்கு ஒரு பெட்டி நிறையப் பேரிக்காய் வாங்கிக் கொடுத்தார் என்று நீ இன்னமும் பெருமையடிக்கிறாய். வீட்டுக்காரர் வீட்டைக் காலி பண்ணச் சொன்னதும், உன் அத்தைக்கு மார்பில் கட்டி என்று தெரிந்ததும் அங்கேதான். மலையிறங்கும்போது பாலம் தாண்டியதும் ஒருமுறை தொண்டையைக் கனைப்பார். "ஒரு விஷயம்" என்பார். அவ்வளவுதான், நான் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிடுவேன். முகத்தைப் பார்த்து அவரால் சொல்ல முடியாது. வண்டியில் இரண்டு பேரும் சாலையைத்தானே பார்த்தாக வேண்டும்.

சும்மா போன ஞாயிறுகளும் நிறைய உண்டு, உன் நினைவில் இருப்பதையெல்லாம் நான் கெடுத்துவிட்டதாக நினைக்காதே. சும்மா போகும்போது நம்மில் யாராவது நச்சரித்து அவரைக் கிளப்புவோம். அவராகவே வாய் திறந்து "தோட்டத்துக்குப் போலாமா" என்று கேட்டால் மட்டும் அதற்கு வேறு அர்த்தம். இதை நாங்கள் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. அவர் கேட்பார், எனக்குப் புரியும், என் முகம் மாறுவதைப் பார்க்காதவர் மாதிரி கார் கண்ணாடியைத் துடைக்கப் போய்விடுவார்.

இரண்டரை மாதத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பிட்ட தட்டை எடுத்துப் போய் வைத்துவிட்டு வந்து அப்படிக் கேட்டார். எனக்கு முதுகு பிடித்திருக்கிறது என்றேன். பிடிக்கவில்லை. அடுத்த வாரம் மறுபடியும் கேட்டார், சின்னவளுக்குப் பரீட்சை என்றேன். மூன்றாவது வாரம் நூலகத்தில் இருப்புச் சரிபார்ப்பு, ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, உண்மையிலேயே இங்கே வந்து, பூட்டிய பள்ளியில் காவலாளியிடம் சாவி வாங்கித் திறந்து, நாள் முழுக்க அலமாரிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நான்காவது வாரம் மழை என்னைக் காப்பாற்றியது. என்ன விஷயமாக இருக்கும் என்று யோசிக்காமல் இல்லை. இப்போது அவர் பஸ் ஓட்டுகிற டெப்போவையும் மூடப்போகிறார்களோ என்று நினைத்தேன். அவருக்கு இன்னொருத்தி இருக்கிறாளோ என்றுகூட ஒருநாள் நினைத்தேன், சிரிக்காதே, அப்படி ஒருத்தி இருந்தாலும் அவளையும் அந்த ஊருக்குத்தான் கூட்டிப்போய்ப் பேரிக்காய் வாங்கிக் கொடுத்திருப்பார் உன் அப்பா. எதுவாக இருந்தாலும் சரி, வண்டி ஏறாத வரைக்கும் அது நடக்கவில்லை என்பது போல நான் இருந்தேன். ஊர்ப்பட்ட புத்தகம் படித்தவள் என்று உன் அத்தை என்னைக் கேலி செய்வாள். படித்து என்ன ஆயிற்று, பார்.

ஐந்தாவது ஞாயிறு அவர் கேட்கவே இல்லை. காலையிலேயே தண்ணீர் பாட்டில்களை நிரப்பி, கூடையைப் பின்சீட்டில் வைத்துவிட்டு, சின்னவளையும் எழுப்பிவிட்டார். நான் செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, நான் உட்காரும் பக்கத்துக் கதவருகே அவர் நின்றுகொண்டிருந்தார். காரின் கூரைக்கு மேலாகச் சாவியை நீட்டி, இன்றைக்கு நீ ஓட்டு என்றார். எனக்கு லைசென்ஸ் கிடைத்து ஒன்பது வருடம், ஒரு தடவைகூட அந்தச் சாலையில் அவர் தன் இடத்தை எனக்குக் கொடுத்ததில்லை. நான் கியர் மாற்றுவது தகர டப்பாவைத் தரையில் இழுப்பது மாதிரி இருக்கிறது என்று தெருமுனைக்குள்ளேயே நான்கு முறை சொல்லுவாரே, அன்றைக்கு மலையேறி முடிக்கிற வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் திட்டாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. வளைவு வரும்போதெல்லாம் அவர் கால் மட்டும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது.

அங்கே போனதும், எப்போதும் எடை போடுவாளே ஒரு அம்மாள், "உள்ள தின்னதுக்கும் சேர்த்து உங்களையே தராசுல நிறுத்தறேன்" என்று உன்னை விரட்டுவாளே, அவள் ஒரு பிளம்ஸை அப்பாவிடம் நீட்டினாள். அப்பாவின் கை பழத்துக்கு இந்தப் பக்கமே மூடிக்கொண்டது. அவள் வேடிக்கை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தள்ளி நீட்டினாள். அப்புறம் மரத்துக்குச் சாத்திவைத்திருந்த ஏணியில் வலது தோளை நன்றாக இடித்துக்கொண்டார். சின்னவள், "என்னப்பா, ஏணி குறுக்க ஓடிவந்துருச்சா" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்தார். நான் கூடையைக் கீழே வைத்துவிட்டு, கிளம்பலாம் என்றேன். கால் கூடைகூட நிரம்பவில்லை.

பாலம் வந்தது. தொண்டையைக் கனைத்தார். பின்சீட்டில் சின்னவள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தூங்கிவிட்டாள். "ஒரு விஷயம். வலது கண்ணுல பார்வை போயிருச்சு. முதல்ல ஓரமா திரை இழுத்தாப்ல ஒரு நிழல், இப்ப மொத்தமும் மூடிக்கிச்சு. அஞ்சு வாரமாச்சு." நான் திரும்பி அவரைப் பார்த்தேன். "முன்னாடி பார்த்து ஓட்டு" என்றார். வண்டியை நிறுத்தவும் அந்த இடத்தில் ஓரமில்லை. கண்ணைத் துடைக்கக் கையை எடுக்க முடியாமல் அடிவாரம் வரைக்கும் அப்படியே ஓட்டிக்கொண்டு வந்தேன்.

கண்ணில் நிழல் தட்டிய முதல் நாளே, டெப்போவில் முதுகு வலி என்று சொல்லி பஸ்ஸை ஒப்படைத்துவிட்டு, பயணிகளுக்கு பஸ் நேரம் சொல்கிற விசாரணை ஜன்னலுக்கு மாறிக்கொண்டுவிட்டார். அத்தனை பேரை ஏற்றிக்கொண்டு விளையாட முடியாது என்பது அவர் கணக்கு. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் தினமும் அதே யூனிபார்மில் அதே நேரத்துக்குக் கிளம்பியதால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அங்கே அவருக்கு இல்லாத முதுகு வலி, இங்கே எனக்கு இல்லாத முதுகு வலி. நல்ல ஜோடி.

மறுநாளே கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். விழித்திரை கிழிந்து முழுக்கக் கழன்றுவிட்டது என்றார்கள். டாக்டர் வயதில் சின்னப் பெண், உன்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். கோபப்படவில்லை. எழுதிக்கொண்டே, "முதல் வாரத்துல வந்திருந்தா நிறையக் காப்பாத்தியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். ஆபரேஷன் செய்தார்கள். இப்போது அந்தக் கண்ணில் ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரிகிறது, கையை ஆட்டினால் ஏதோ அசைவது தெரிகிறது. அதற்கு மேல் வராது என்று சொல்லிவிட்டார்கள். இனி பஸ் ஓட்ட முடியாது. இடது கண்ணிலும் விழித்திரை இரண்டு இடங்களில் மெலிந்திருக்கிறது, லேசர் வைத்திருக்கிறார்கள். அந்தக் கண்ணில் மின்னல் மாதிரி வெட்டினாலோ, கரும்புள்ளி மிதந்தாலோ, ஓரத்தில் நிழல் தட்டினாலோ அன்றைக்கே வர வேண்டும், மறுநாள் என்ற பேச்சே கூடாது என்றாள் அந்தப் பெண். இப்போது நமக்கு இருப்பது அந்த ஒரு கண்தான்.

ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் அவர் குப்புறப் படுத்தே இருக்க வேண்டியிருந்தது. கட்டில் விளிம்பில் நெற்றியை வைத்துத் தரையைப் பார்த்தபடி. நான் கீழே பாய் விரித்துப் பக்கத்தில் உட்கார்ந்து, கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு ஸ்பூனால் ஊட்டுவேன். மூன்றாம் நாள், அவர் முகம் என் பக்கம் திரும்ப முடியாது என்ற தைரியத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதுகு பிடிக்கவில்லை, நூலகத்தில் யாரும் வரச் சொல்லவில்லை, நீங்கள் சொல்ல வருகிறீர்கள் என்று தெரிந்தே தள்ளிப்போட்டேன், உங்கள் கண்ணைப் போக்கியது நான்தான் என்றேன். தூங்கிவிட்டார் என்று நினைத்து நான் எழுந்தபோது சொன்னார். "நீ வேணாம்னு சொன்னப்பல்லாம் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. இன்னும் ஒரு வாரம் கிடைச்சுதுன்னு. நான் கேட்டது, நீ வேணாம்னு சொல்வேங்கிற நம்பிக்கையிலதான்." என்னை மன்னித்தாரா, தன்னையும் என்னோடு சேர்த்துக் குற்றம் சொன்னாரா என்று இன்னமும் எனக்குப் பிடிபடவில்லை. எனக்கு ஆறுதலாக இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

இதையெல்லாம் உனக்குச் சொல்லக் கூடாது என்பது அவர் கட்டளை. நான்கு மாதத்தில் லீவுக்கு வருவான், தோட்டத்துக்குக் கூட்டிப்போய் நானே சொல்லிக்கொள்கிறேன் என்கிறார். போன வாரம் உன்னிடம் "வந்ததும் தோட்டத்துக்குப் போலாம்டா" என்று அவர் சொன்னதும், நீ ஆசையாகச் சரிப்பா என்றதும் என் காதில் விழுந்தன. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். ஐந்து வாரத்துக்கு இவ்வளவு ஆயிற்று, நான்கு மாதம் நான் பொறுக்க மாட்டேன். இப்போது நானும் உன் முகத்தைப் பார்க்காமல்தான் சொல்கிறேன், தெரிகிறது. இந்தக் குடும்பத்தின் புத்தி எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. உனக்கும் ஒட்டியிருக்கும் என்பதுதான் என் பயம். அங்கே உடம்புக்கோ மனசுக்கோ என்ன வந்தாலும் அன்றைக்கே போன் போட்டுச் சொல், பழம் வாங்கிக் கொடுத்துச் சொல்ல வேண்டாம்.

மற்றபடி சின்னவள் கணக்கில் தேறிவிட்டாள், அப்பாவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பது அவள் பொறுப்பு, ஏனென்றால் அவர் ஊற்றினால் டம்ளருக்கு வெளியே போகிறது. அன்றைக்குச் சிரித்ததை நினைத்து இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். விசாரணை ஜன்னல் வேலையை அவருக்கே நிரந்தரமாகக் கொடுப்பார்கள் போலிருக்கிறது. பஸ் நேரம் எல்லாம் மனப்பாடம், பலகையைப் பார்க்கத் தேவையில்லை. போகிற பஸ்ஸின் சத்தத்தைக் கேட்டே எந்த டிரைவர் என்று சொல்கிறார். சொல்லிவிட்டு, சத்தம் ஓயும் வரைக்கும் அந்தப் பக்கமே திரும்பியிருக்கிறார் என்று அவர் டெப்போ நண்பர் மீசைக்காரர் வந்து சொன்னார். உன் அலமாரியில் இருந்த கம்பளிச் சட்டையை அவர்தான் போட்டுக்கொள்கிறார், கோபித்துக்கொள்ளாதே. நீ படிப்பை விட்டுவிட்டு ஓடி வர வேண்டாம். வந்தால், தன்னால்தான் என்று அவர் இன்னும் ஒடுங்கிப்போவார். நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே, யாரிடமும் வார்த்தையை அடக்கி வைத்துக்கொண்டு சிரிக்காதே. நீ நீண்ட ஆயுளோடு, இரண்டு கண்ணும் தெளிவாக, மனசில் மறைக்க ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். அதற்கு மேல் உனக்காக என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் மறக்காதே. தினமும் அவருக்குப் போன் செய்து இடது கண்ணைப் பற்றிக் கேள். கடிதம் வந்ததை மறைக்க வேண்டாம், அம்மா எழுதிவிட்டாள் என்றே சொல், திட்டை நான் வாங்கிக்கொள்கிறேன். கேட்கிற விதத்தில் மட்டும் கவனமாக இரு. அந்த மூன்றாவது வாரம் அவர் கண்ணைக் கசக்குவதைப் பார்த்துவிட்டு நான் கேட்கத்தான் செய்தேன், கண்ணில் ஏதாவது தெரிகிறதா, தூசி கீசி விழுந்திருக்கிறதா என்று. இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, வலது கண்ணை என் பக்கம் திருப்பி, "ஒண்ணும் தெரியலை" என்றார். உன் அப்பா என்னிடம் பொய் சொல்லவில்லை. நான்தான், அப்பாடா, ஒன்றுமில்லை என்று துணி மடிக்கப் போய்விட்டேன். உன்னிடமும் அதையே சொல்வார். நீ போனை வைத்துவிடாதே.

உன் அம்மா