காலரில் ஒரு பெயர், தையலில் ஒரு நாடு

நேற்று மாலை தொலைக்காட்சியில், உன் தங்கை கோமதிக்கு வந்த சம்பந்தத்தின் சட்டையைப் பார்த்தேன். அதே சட்டை அல்ல, அதே பெயர். பொருள் விற்கும் சேனல் ஒன்றில் ஒரு பெண் காலரைத் திருப்பிக் காட்டினாள். கருநீலத் துணிப்பட்டை. அதில் மஞ்சள் நூலில், கையெழுத்துப் போலச் சாய்ந்த ஒரு வெளிநாட்டு டிசைனரின் பெயர். "பெரிய ஷோரூம்ல மட்டும் கிடைச்ச சட்டை, முதல் தடவையா உங்க வீட்டுக்கே வருது" என்றாள். நான் சேனலை மாற்றியிருப்பேன். அதற்குள் அடுத்ததையும் சொல்லிவிட்டாள்: "எழுபதுகள்லேருந்தே இந்தக் கம்பெனிக்கு நம்ம இந்தியாவுலதான் தைச்சு வெளிநாட்டுக்கு அனுப்புறாங்க. உள்ள பாருங்க, மேட் இன் இந்தியா!"

அவள் பெருமையாகச் சொன்னாள். எனக்கு அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நீ உயிரோடு இருந்திருந்தால் உடனே தென்காசிக்குப் பஸ் ஏறியிருப்பேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அப்பா இல்லாத வீடு. தங்கையைக் கட்டிக்கொடுக்கும் பொறுப்பு உன்னுடையது. பக்கத்து ஊர் பண்பொழிப் பையன், துபாயில் வேலை என்றார் தரகர். பேச்சு முடியும் முன்பே பெண்ணின் அண்ணனுக்கென்று அந்தச் சட்டை வந்தது. அவன் கடிதங்கள் ஊர் திரும்புகிறவர்கள் கையில் வந்தவை, தபால்தலை கிடையாது. துபாய் என்று கிளம்பி, ஏஜெண்டிடம் ஏமாந்து, பம்பாயிலேயே தங்கிவிட்டவர்களின் கதைகள் நம் பக்கம் உலவிய காலம். ஆகவே உனக்குக் கிடைத்த ஒரே அத்தாட்சி அந்தக் காலர்தான். தெருவில் யார் கேட்டாலும் திருப்பிக் காட்டினாய்.

சட்டை உன் உடம்புக்குப் பெரிது. அதைப் பிடித்துத் தைக்கக் கொடுக்கப் போனபோது, பத்திரிகையில் செய்தி எழுதிக்கொண்டிருந்த நானும் உடன் வந்தேன். பக்கத் தையலைப் பிரித்த டெய்லர் நிமிர்ந்தார்.

"அண்ணாச்சி, இங்கன பாருங்க. இந்தியாவுல தைச்சதுன்னுல்லா போட்டிருக்கு."

விரல் நகமளவு வெள்ளை நாடா. நீ படித்தாய். என்னிடம் நீட்டினாய். நானும் படித்தேன். இருவருக்கும் ஒன்றுதான் தோன்றியது: வெளிநாட்டுச் சட்டை என்றால் வெளிநாட்டில் தைத்திருக்க வேண்டும். இங்கே தைத்ததும் வெளிநாட்டுப் பெயரில் அங்கே விலைபோகும் என்று அந்தக் கடையில் இருந்த எவருக்கும் தெரியாது.

சாரல் காலம். தரகரைக் குற்றாலத்தில் ஒரு டீக்கடையில் பிடித்தோம். அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு நின்றார்.

"ஏன் அண்ணாச்சி, உங்க மாப்ள துபாய்லதான இருக்கான்?" என்றாய்.

"பின்ன? ஒட்டகமா மேய்க்கான்னு சொன்னேன்? கம்பெனில ஸ்டோர் கீப்பரு."

"அங்கன இருந்துக்கிட்டு இந்தியாவுல தைச்ச சட்டைய அனுப்புதான். குத்தாலத்துக்குக் குடத்துல தண்ணி கொண்டாந்த கதையால்லா இருக்கு!"

கடையே சிரித்தது. தரகர் மட்டும் சிரிக்கவில்லை. "கடைக்காரன் ஏமாத்திருப்பான். பையன் என்ன செய்வான்?"

"அப்ப ஏமாளிக்கா எந்தங்கச்சியக் கொடுக்கச் சொல்லுதீரு?"

பிறகு என் பக்கம் திரும்பினாய். "நீ சொல்லுலே, பேப்பர்காரன். நம்புவியா?"

"இது சந்தேகம்தாம்லே. துபாய்ல ஆள வச்சு விசாரிப்போம்" என்றேன்.

"விசாரிக்க ஆரம்பிச்சாலே ஊரு பேசும். நாளைக்கு எவன் அவளப் பொண்ணு கேட்டு வருவான்?"

அங்கேயே தரகரிடம் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாய்.

சம்பந்தம் முறிந்தால் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது வழக்கம். பிரித்த தையலை மூடி, இஸ்திரி போட்டு, பண்பொழிக்கு நீயே கொண்டுபோனாய். திரும்பி வந்து பஸ் ஸ்டாண்டில் என்னிடம் சொன்னாய்: "அவன் அம்மாட்ட கொடுத்தேம்லே. சட்டைய மோந்து பாத்தாவ. செண்டு வாசம் போயிருச்சான்னு பாக்காவ போல." சொல்லிவிட்டுச் சிரித்தாய். நானும் சிரித்ததாகத்தான் நினைவு.

அந்தப் பையன் துபாயில் இருந்தானா, பம்பாயில் இருந்தானா? இந்தியாவில் தைத்த சட்டையை இரண்டு ஊரிலும் வாங்கலாம் என்று நேற்றுத்தான் தெரிந்தது. ஆக, அந்த நாடா எதையும் நிரூபிக்கவில்லை. எதையும் மறுக்கவும் இல்லை. இத்தனை வருடம் செய்தி எழுதியவனுக்கு இதில் ஒரு வரிகூட எழுத வரவில்லை. நீ தவறு செய்தாய் என்று சொல்லலாமா? கோமதி சிவகிரியில் உரக்கடைக்காரரைக் கட்டி, பேரன் பேத்தியோடு நன்றாகத்தான் இருக்கிறாள். சரி செய்தாய் என்று சொல்லலாமா? அதையும் சொல்ல முடியவில்லை.

இன்று காலை அவளுக்கே போன் செய்து சொன்னேன்.

"அப்ப அந்தப் பையன் பொய் சொல்லலையாண்ணே?"

"தெரியலம்மா. சொன்னான்னும் சொல்ல முடியாது, சொல்லலன்னும் சொல்ல முடியாது."

"நல்ல பேப்பர்காரரு போங்க!" என்று சிரித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அந்தப் பையன் பேரே எனக்கு மறந்துபோச்சு. ஆனா பண்பொழிக்குப் போயிட்டு வந்த அன்னைக்கு அண்ணன் சாப்பாட்டத் தொடல. ஏம்ணேன்னு கேட்டேன். 'பசிக்கல, நீ சாப்பிடு தாயி'ன்னாவ. அடுத்த நாளும் அப்படித்தான் இருந்தாவ."

எனக்கு இது தெரியாது. பஸ் ஸ்டாண்டில் சிரித்த முகத்தோடுதான் இதுவரை உன்னை வைத்திருந்தேன். மகன் அனுப்பிய சட்டையை அந்த அம்மா மோந்து பார்த்ததைக் கண்டபின், அவன் பொய்யன் என்பது உனக்கும் அன்றைக்கே நிச்சயமில்லையா? இனி உன்னை நினைக்கும்போதெல்லாம், தட்டை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்திருக்கும் உன் பக்கத்தில், என்ன கேட்பதென்று தெரியாமல் நானும் உட்கார்ந்திருப்பேன்.