சிவப்பு நாற்காலிக்கு ஆறு பேர்

பிப்ரவரி 3, செவ்வாய்

புல்பேக்கு மாமா,

உங்கள் டைரியில்தான் எழுதுகிறேன். போன வருஷம் பஸ் டிப்போவில் கொடுத்தார்களே, அது. நவம்பர் பதினாறு வரைக்கும் உங்கள் கோழிக்கிறுக்கல். அதற்குப் பிறகு எல்லாம் வெள்ளைத்தாள். நல்ல வழவழப்பான தாள், வீணாக்க மனசு வரவில்லை. அச்சடித்த தேதியை அடித்துவிட்டு என் தேதியைப் போட்டுக்கொள்கிறேன். அஞ்சாம் கிளாஸ் படிப்பு. தப்பு இருந்தால் சிரிக்கக் கூடாது.

இன்றைக்கு வெற்றிலைக் கூடையை இறக்கி வைத்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். எதிர் டீக்கடையிலிருந்து கணேசன் வந்து நின்றார். தலையைச் சொறிந்தார்.

"அக்கா, இந்தியா ஹாக்கி டீமு அடுத்த மாசம் அறிவிக்கிறாங்களாம். டப்பா வெக்கலாமான்னு சேகரண்ணன் கேக்கறாருங்க."

"வெச்சுக்குங்க. அதுக்கு என்னைய எதுக்குக் கேக்கறீங்க?"

"இல்லீங்க்கா... டப்பா வெச்சா, நாற்காலிக்கும் வெக்கோணும்."

அப்போதுதான் புரிந்தது. உங்கள் கூத்து எனக்குத் தெரியாதா? டீம் வருவதற்கு முன்னால் நீங்கள் நாலு பேரும் ஆளுக்கொரு சீட்டில் ஆறு டிஃபன்ஸ்காரர்களின் பெயரை எழுதி பிஸ்கட் டப்பாவில் போடுவீர்கள். முன்னால் ஓடிக் கோல் அடிக்கிறவனை எந்த மடையனும் சொல்லிவிடுவான், பின்னால் நிற்கிறவனைக் கண்டுபிடிக்கத்தான் கண்ணு வேண்டும் என்று நீங்கள் போட்ட சட்டம். யார் சீட்டில் அதிகம் சரியோ, அடுத்த டீம் வரும்வரைக்கும் டீக்கடையில் இருக்கிற ஒரே நாற்காலி அவருக்கு. மற்றவர்களுக்கு பென்ச்சு. சமமாக வந்தால் பழைய ஆளே உட்காரலாம்.

ரெண்டு வருஷமாகப் பழைய ஆள் நீங்கள்.

கைப்பிடி உடைந்து நீங்கள் கம்பி போட்டுக் கட்டிய அந்தச் சிவப்பு நாற்காலியில் சேகரன் உட்காருவாரா? அந்த மீசையை முறுக்கிக்கொண்டு?


பிப்ரவரி 4

நானும் சீட்டுப் போடுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். சேகரனுக்கு டீ புரையேறிவிட்டதாம். நல்லது.


பிப்ரவரி 6, வெள்ளி

தையல் கடையைச் சாத்திவிட்டு நேராக என்னிடம் வந்தார் சேகரன். வெற்றிலை வாங்க வந்தவர் மாதிரி ஒரு கட்டைக் கையில் எடுத்துப் புரட்டினார்.

"அம்மிணி, ஹாக்கியில ஒரு பக்கத்துக்கு எத்தன பேருன்னு தெரியுமுங்களா?"

"பதினொண்ணு. உங்க வாயையும் சேத்தா பன்னண்டு."

ஆட்டோ பசவராஜ் பக்கத்தில் நின்றிருந்தார். அப்படி ஒரு சிரிப்பு. "அக்கா போடட்டும் விடு. ஜடையண்ணன் ஜாகா இனி அக்காவோடது தானே?" என்று உங்கள் இடத்தை எனக்கு எழுதிவைத்து, தன் கன்னடத் தமிழில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

சேகரன் விடவில்லை. "இவங்க ஊட்டுக்காரனே பாதி மேட்ச்சப் பாக்காமப் பேசுவான். கோலு உளுந்தப்புறம் 'என்னாச்சு, என்னாச்சு'ம்பான். இப்ப இவங்க வேறயா?"

டிப்போ டீமுக்குப் பத்து வருஷம் புல்பேக்காக, பின்னால் நின்று தடுக்கிற ஆளாக, ஆடி கால் கட்டைவிரலை உடைத்துக்கொண்ட மனுஷனைப் போய் மேட்ச் பார்க்காதவர் என்கிறாரே! அவர் வாங்கின கட்டுக்கு நடுவில் நாலு பழுத்த இலையைச் சொருகிக் கொடுத்தேன்.


பிப்ரவரி 9, திங்கள்

டைரியைப் பின்னாலிருந்து புரட்டினேன். நவம்பர் பதினாறு. அடுத்த டீமுக்கு நீங்கள் எழுத ஆரம்பித்த சீட்டு அங்கேதான் இருக்கிறது.

ஒன்றிலிருந்து ஆறு வரை நம்பர் போட்டிருக்கிறீர்கள். அஞ்சு பெயர் இருக்கிறது. ஆறு, ஒரு புள்ளி, அதோடு சரி. பெயர் இல்லை.

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தீர்கள், எனக்கு ஞாபகம் இருக்கிறது. களி ஆறிப்போகுது, வந்து திங்கறீங்களா இல்ல நாய்க்குப் போடட்டுமா என்று நான்தான் கத்தினேன். வந்தீர்கள். சாப்பிட்டீர்கள். மறுநாள் காலையில்—

ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா என்ன? களி என்ன ஓடியா போயிருக்கும்? நானும் ஒரு மனுஷி.


பிப்ரவரி 12

அழுது ஆகப்போவது ஒன்றும் இல்லை. வினிதா போனில் பழைய மேட்ச்செல்லாம் எடுத்துக் கொடுத்தாள். புடவைக் கடையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த பெண்ணை உட்கார வைத்து, இது யாரு, அது யாரு என்று நான் கேட்டால் அவளுக்குக் கோபம் வராதா?

"அம்மா, பேரு கீழ வருது பாரு."

"இங்கிலீஷ்ல ஓடுது. நான் படிக்கறதுக்குள்ள ரெண்டு கோலு உளுந்துருது."

அதனால் நானே பெயர் வைத்துவிட்டேன். நீங்கள் எழுதின அஞ்சு பேர்: கொண்டைக்காரன், நீளக்கையன், முறைச்சான், சூயிங்கம், பெரியவர். பெரியவருக்கு முப்பத்திரண்டு வயசுதானாம். முன்தலை வழுக்கை, நான் என்ன செய்ய?

ஆறாவது இடத்துக்கு ரெண்டு பேர் நிற்கிறார்கள். ஒருத்தன் தேஜ்பால். பெனால்ட்டி கார்னர் கிடைத்தால் பந்தைச் சுழற்றி வலைக்குள் எறிகிறான், கண்ணுக்கே தெரியவில்லை. இன்னொருத்தன் நம் குடகுப் பையன், கரும்பய்யா. அவன் இதுவரைக்கும் கோல் அடித்ததே இல்லை.


பிப்ரவரி 15, ஞாயிறு

இன்றைக்கு டீக்கடைப் படியில் நின்று முக்கால் மணி நேரம் சண்டை போட்டேன். இத்தனை வருஷத்தில் அந்தப் படியை நான் தாண்டியதில்லை. எனக்கு டீ எப்போதும் நான் உட்காருகிற சாக்குக்கே வந்துவிடும். உங்கள் நாற்காலியை எட்டிப் பார்த்தேன். டிவிக்கு நேர் முன்னால் போட்டு, மேலே துண்டு ஒன்று விரித்து, கைப்பிடியில் ஒரு கிளாஸ் டீ வைத்திருந்தார் கணேசன். தினமும் வைக்கிறாராம். நீங்கள் சூடாகக் குடிக்க மாட்டீர்கள் என்று ஆற்றி வேறு வைக்கிறாராம்.

சேகரன் ஆரம்பித்தார். "தேஜ்பால் இல்லாம டீமே இல்ல. போன வருசம் மட்டும் எத்தன கோலு!"

"அவன எதுக்கு எடுக்கறாங்க? கோல் போடவா, தடுக்கவா?"

"ரெண்டுக்குந்தான்."

"ராத்திரிக் காவலுக்கு ஆளு வேணும்னு போயிட்டு, நல்லாப் பாடறான்னு ஒருத்தனக் கூட்டிட்டு வருவீங்களா?"

பசவராஜ் தொடையைத் தட்டினார். சேகரனுக்கு மூக்கு சிவந்துவிட்டது.

"அப்ப உங்க கரும்பய்யா என்ன பண்ணுனான், சொல்லுங்க பாக்கலாம்."

சொன்னேன். எதிராளிக்குப் பெனால்ட்டி கார்னர் கிடைத்தால் நம் ஆட்கள் நாலு பேரும் கோல்கீப்பரும் வலைக்குள் போய் முகமூடி மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பந்தை உள்ளே விட்டதும் ஒருத்தன் மட்டும் அந்த அடிக்கு நேராக ஓடுகிறான். தன் முட்டியையே குறுக்கே கொடுக்கிறான். பதினோரு தடவை பார்த்தேன். பதினோரு தடவையும் ஓடினது கரும்பய்யா. ரெண்டு தடவை முட்டியில் பட்டது. விழுந்தவன் எழுந்ததும் முதல் காரியமாகத் திரும்பி, பின்னால் இருக்கிறவர்கள் சரியாக இருக்கிறார்களா என்று பார்க்கிறான்.

"தேஜ்பால் அப்ப எங்க நின்னான்னு பாத்தீங்களா? மூணு தடவ நடந்து வந்தான்ங்க. நம்ம பக்கம் தீப்புடிச்சு எரியுது, அவன் கல்யாணத்துக்கு வர மாதிரி வரான்."

அப்புறம் சேகரன் மெதுவாகச் சொன்னார். "ஜடையன் மாதிரியே பேசறீங்க அம்மிணி. ஒரே வித்தியாசம், நீங்க மேட்ச்சப் பாத்துட்டுப் பேசறீங்க."

வெளியே வந்து சிரித்தேன். சிரித்துவிட்டேனே என்று கொஞ்ச நேரம் சங்கடமாகவும் இருந்தது.


பிப்ரவரி 19

வினிதா கேட்டாள். "ஆறாவது பேரு அப்பா யாரை எழுதியிருப்பாருன்னு பாத்து எழுதப் போறியா, உனக்குத் தோணினதை எழுதப் போறியா?"

ரசத்துக்குப் புளி கரைத்தேன்.

சட்டம் அப்படிப் போட்டாலும், நீங்களும் கோல் அடிக்கிறவனைக் கண்டால் வாயைப் பிளக்கிற ஆள்தானே. தேஜ்பாலைத்தான் எழுதியிருப்பீர்களோ? நான் மாற்றி எழுதி, அதனால் உங்கள் நாற்காலி போய்விட்டால்?


பிப்ரவரி 24, செவ்வாய்

குண்டலுபேட்டை ஆள் ஒருத்தன் கல்யாணத்துக்கு இருபது கட்டு எடுத்துவிட்டு, இலை வாடல் என்று காசைக் குறைக்கப் பார்த்தான். குரலை வேறு உயர்த்தினான். நான் டீக்கடைப் பக்கம் திரும்பினேன். பழக்கம். அங்கிருந்து "ஏய்!" என்று ஒரு சத்தம் வரும் என்று நின்றேன். வரவில்லை.

எனக்கு ஒன்று மட்டும் இன்னும் விளங்கவில்லை. எந்நேரமும் மேட்ச்சில் கிடக்கிற மனுஷன், நான் பெரிய கூடையைத் தூக்கக் குனிந்தால் மட்டும் எப்படித்தான் மூக்கு வேர்க்குமோ, வந்து நிற்பீர்கள். கேட்டால் பீடி பிடிக்க வந்தேன் என்பீர்கள். என் வெயிலிலிருந்து பார்த்தால் கடைக்குள்ளே இருட்டு, ஒன்றும் தெரியாது. உங்கள் குரல் மட்டும் வரும்.

அவனை நானே சமாளித்துவிட்டேன். முழுக்காசும் கொடுத்துத்தான் போனான். "ஏய்" என்று நானே சொன்னேன். உங்கள் அளவுக்கு வரவில்லை.


பிப்ரவரி 28, சனி

நவம்பர் பதினாறாம் தேதித் தாளைக் கிழித்துவிட்டேன். மன்னிக்க வேண்டும். வேறு தாளில் உங்கள் அஞ்சு பெயரைப் பார்த்து எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. உங்கள் எழுத்திலேயே இருக்கட்டும். ஆறாவது இடத்தில், அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில், என் எழுத்தில் கரும்பய்யா என்று எழுதினேன். 'ய்'க்குப் புள்ளி வைக்க மறந்து, அப்புறம் வைத்தேன்.

நாலாக மடித்து டப்பாவில் போட்டாயிற்று.


மார்ச் 3

ஒன்றும் இல்லை. வெயில். இலை சீக்கிரம் வாடுகிறது.


மார்ச் 6, வெள்ளி

வந்துவிட்டது!

மூன்று மணிக்கு வினிதா கடையிலிருந்தே போன் பண்ணினாள். "அம்மா, உன் கரும்பய்யா இருக்கான்!" நான் பாக்கு நிறுக்கிற தராசை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். படியில் போய் நின்ற பிறகுதான் மிச்சத்தையும் சொன்னாள். தேஜ்பாலும் இருக்கிறான். ரெண்டு பேரையும் எடுத்துவிட்டார்கள்! இத்தனை சண்டை போட்டதெல்லாம் எதற்கு?

உங்கள் அஞ்சு பேரில் நீளக்கையனை விட்டுவிட்டார்கள். தோளில் அடியாம். பாவம்.

கணேசன் டப்பாவைத் திறந்தார். கணேசனுக்கு ரெண்டு சரி. பசவராஜுக்கு மூன்று. சேகரனுக்கு அஞ்சு. என் சீட்டைப் பிரித்தவர் கொஞ்ச நேரம் படிக்கவே இல்லை. சேகரன் பிடுங்கிப் பார்த்தார். உங்கள் எழுத்து அவர்களுக்குத் தெரியாதா?

"அஞ்சு," என்றார் கடைசியில். "சமம்."

"சமம்னா பழைய ஆளுக்கு," என்றார் பசவராஜ்.

"பழைய ஆளு எங்கய்யா இருக்கான்?"

டிவியில் ஏதோ சோப்பு விளம்பரம் ஓடியது. சேகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் துடைத்தார்.

"இதுல அவன் எழுதினது அஞ்சு, அம்மிணி எழுதினது ஒண்ணு. அம்மிணி எழுதின ஒண்ணு இல்லீன்னா இந்தச் சீட்டு தோத்திருக்கும். ரெண்டு பேருஞ் சேந்து என்னையப் புடிச்சிட்டீங்க." அப்புறம் மீசையை முறுக்கிக்கொண்டு, "நாளைக்கு வந்து உக்காருங்க. பழுத்த எல குடுத்ததுக்கு இன்னும் நான் கணக்கு வெச்சிருக்கறன், மறந்தராதீங்க," என்றார்.


மார்ச் 7, சனி

முதல் தடவையாகப் படி தாண்டினேன். கணேசன் துண்டை எடுத்துத் தட்டினார். உட்கார்ந்தேன். டிவி மூஞ்சிக்கு நேரே, கண் கூசியது.

"இவ்வளவு கிட்டத்துலயா உக்காந்து பாத்தாரு? கண்ணு கெட்டிருக்குமே."

கணேசன் மறுபடியும் தலையைச் சொறிந்தார். "இல்லீங்க்கா. அண்ணன் போனதுக்கப்புறம் நான்தான் இங்க தள்ளிப் போட்டேன். நல்ல எடமா இருக்கட்டும்னு. அவரு போட்டிருந்தது அங்க, தூணுக்குப் பின்னால. நகத்தவே உட மாட்டாரு. சொன்னா சண்டைக்கு வருவாரு."

பழைய இடத்திலேயே போடச் சொன்னேன். போட்டார். உட்கார்ந்தேன்.

டிவி தெரியவில்லை. தூண் மறைக்கிறது. மூலையில் எத்தனைக்கு எத்தனை என்கிற நம்பர் மட்டும் தெரிகிறது. கழுத்தை நீட்டிப் பார்த்தேன், நீட்டினாலும் தெரியவில்லை.

நேரே வாசல் தெரிகிறது. வாசலுக்கு அந்தப் பக்கம் வெயிலில் என் கடை. கூடை, தராசு, தண்ணீர்ச் செம்பு, நான் உட்காருகிற சாக்கு. சாக்கில் இருக்கிற கிழிசல் கூடத் தெரிகிறது.

அப்போது பார்த்து ஒரு மாடு வந்து கூடையில் வாயை வைத்தது. "ஏய்!" என்று போட்டேன் ஒரு சத்தம். டீக்கடையே அதிர்ந்தது. சேகரனின் டீ அவர் வேட்டியில். ஓடிப்போய் மாட்டை விரட்டிவிட்டு, சாக்கில் உட்கார்ந்து டீக்கடையைத் திரும்பிப் பார்த்தேன். இருட்டு. ஒன்றும் தெரியவில்லை.

ஏனுங்க மாமா, நாள் பூராவும் என்னையே பாத்துட்டு உக்காந்திருந்தீங்கன்னா, அந்த அஞ்சு பேரை எப்பங்க பாத்தீங்க?